எண்ணெய் படாத கை

2021 மே மாதத்தின் இரண்டாவது வாரம், கொரோனா இரண்டாம் அலை. இரவு பதினொன்றரை மணிக்குப் பள்ளித் தோழன் அழைத்தான். கோவைக்கு அருகில் ஒரு சிறு நகரத்து அரசு மருத்துவமனையில் அவன் மயக்கவியல் மருத்துவர். நலம் விசாரிக்கவும் அவனுக்கு நேரமில்லை. "நீ கம்ப்ரசர் தொழிலில் இருப்பவன்தானே? எங்களுக்கு வருகிற ஆக்சிஜன் சிலிண்டர்கள் போதவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் போதவேண்டும். எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. வந்து பார்க்க முடியுமா?" என்றான்.

நான் இயந்திரவியல் பொறியாளன். இருபது ஆண்டுகளாகக் கோவையில், காற்றை அமுக்கும் கம்ப்ரசர் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நூற்பாலைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் காற்றுக் குழாய் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். கசிகிற காற்று கரைகிற காசு என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். ஆனால் ஒரு மருத்துவமனையின் சுவரில் ஓடும் செப்புக் குழாயை அதுவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. மறுநாள் காலை ஊரடங்கு அனுமதிச் சீட்டுடன் கிளம்பியபோது, போன வருடம் செய்த தவறுகளை இந்த முறை செய்யக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான் மனத்தில் இருந்தது.

அந்தத் தவறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் கடைசியில் நாடே பூட்டப்பட்டபோது, என்னைப் போன்ற பொறியாளர்கள் பலரும் கை பரபரக்க வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு. ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைத்தார்கள். உள்ளே நடந்து போகிறவர்கள் மேல் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பனிபோலத் தெளிக்கும் ஏற்பாடு. அதன் படங்கள் பரவியதும் ஊருக்கு ஊர் அதே போன்ற சுரங்கங்கள் முளைத்தன. எங்கள் ஆலை வாசலுக்கும் ஒன்றை நான் வரைந்தேன். நாசில், பம்பு, சென்சார் எல்லாம் கிடங்கிலேயே இருந்தன. பாதி வேலை முடிந்திருந்த நேரத்தில், ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுரை வெளியிட்டது: மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை, அது உடலுக்கும் மனத்துக்கும் தீங்கானது, உடலுக்குள் போய்விட்ட வைரசை அது ஒன்றும் செய்யாது. அன்று இரவு என் வரைபடத்தை மறுபடியும் விரித்துப் பார்த்தேன். எத்தனை லிட்டர், எவ்வளவு அழுத்தம், துளி எவ்வளவு சிறியது, எல்லாம் துல்லியமாக இருந்தன. அந்தத் துளி ஒருவருடைய கண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எந்த டாக்டரிடமும் நான் கேட்டிருக்கவில்லை.

அடுத்தது வென்டிலேட்டர். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்தோம். ஆம்புலன்சில் கையால் அழுத்தி மூச்சுக் கொடுப்பார்களே, அந்தப் பையை ஒரு வைப்பர் மோட்டார் அழுத்துமாறு செய்தோம். ரப்பர் பலூனை மாட்டி மூன்று நாள் இரவு பகலாக ஓடவிட்டோம், நிற்கவே இல்லை. மிகுந்த பெருமையுடன் அதைத் தூக்கிக்கொண்டு இதே தோழனிடம் போனோம். அவன் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டான். ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி லிட்டர் உள்ளே போகிறது என்று எப்படித் தெரியும்? நுரையீரல் இறுகியிருந்தால் அழுத்தம் எதுவரை ஏறும், யார் நிறுத்துவது? மூச்சை விட்ட பிறகு காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கிறதா? நோயாளி தானாக மூச்சிழுக்க முயன்றால் இயந்திரம் வழிவிடுமா? குழாய் கழன்றால் மணி அடிக்குமா? மோசமாகப் பாதிக்கப்பட்ட நுரையீரலுக்கு, உயரத்தைக் கொண்டு கணக்கிடும் எடையில் ஒரு கிலோவுக்கு ஆறு மில்லி லிட்டர் என்ற அளவில்தான் காற்றுக் கொடுப்பார்களாம். அதிகம் போனால் அந்த நுரையீரல் மேலும் கிழியும். எங்களிடம் ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. அந்தப் பெட்டி இன்றும் என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

முடியாத காரியம் என்று சொல்ல வரவில்லை. ஐஐடி கான்பூரிலிருந்து கிளம்பிய நோக்கா ரோபோட்டிக்ஸ் குழுவினர் மருத்துவர்களையும் அனுபவமிக்க தொழிலதிபர்களையும் ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். சில மாதங்களில் மருத்துவமனையில் வைக்கக்கூடிய வென்டிலேட்டரைச் செய்தும் காட்டினார்கள். நாங்கள் எல்லாம் முடிந்த பிறகு டாக்டரிடம் போனோம். அவர்கள் டாக்டரிடமிருந்து தொடங்கினார்கள்.

ஆகவே மே மாதம் அந்த மருத்துவமனைக்குள் நுழைந்தபோது ஒரு முடிவோடு போனேன். முதல் நாள் ஸ்பேனரைத் தொடுவதில்லை. பார்ப்பது, எண்ணுவது, கேட்பது மட்டும்.

சிலிண்டர்களை வரிசையாக இணைத்திருக்கும் மேனிஃபோல்டு அறை மருத்துவமனையின் பின்புறம் இருந்தது. இடது பக்கம் பத்து, வலது பக்கம் பத்து. எல்லாம் ஜம்போ என்று அழைக்கப்படும் டி வகைச் சிலிண்டர்கள். முழுதாக நிரப்பினால் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் இருக்கும். வெளியே விட்டால் 7,000 லிட்டர் வாயு. ஒரு பக்கம் தீர்ந்ததும் மறுபக்கத்துக்கு மாற்றுவார்கள். ரெகுலேட்டர் அந்த அழுத்தத்தை நான்கு கிலோவாகக் குறைத்து வார்டுகளுக்கு அனுப்புகிறது. இவ்வளவுதான் அமைப்பு. நான் நூற்பாலையில் அமைத்ததைவிட எளிமையானது என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

அறை வாசலில் வாயுக் குழாய் வேலை பார்க்கும் ஃபிட்டர் அண்ணன் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வணக்கம் சொல்வதற்கு முன்பே "கையைக் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். நகக்கண்ணில் கறுப்புக் கோடு. கம்ப்ரசர் வேலை செய்கிறவர்கள் கையில் அது எப்போதும் இருக்கும். "சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு வாருங்கள். உங்கள் ஸ்பேனர் பெட்டி வண்டியிலேயே இருக்கட்டும்" என்றார்.

கழுவிவிட்டு வந்த பிறகு அவர் சொன்னதை இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். உயர் அழுத்த ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பெட்டி தேவையில்லை. வால்வைச் சட்டென்று திறந்தால் வாயு பாய்ந்து போய் முட்டுகிற இடத்தில் அமுங்கிச் சூடாகும். அங்கே ஒரு பொட்டு கிரீஸ் இருந்தால் அதுவே பற்றிக்கொள்ளும். அதனால்தான் ஆக்சிஜன் குழாய்களை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய பிறகே பொருத்துகிறார்கள். வால்வை மெதுவாக, முகத்தை விலக்கிக்கொண்டு திறக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, உதவிக்கு வந்த கல்லூரி மாணவன் ஒருவன், இறுகிப்போன வால்வு மரையில் கிரீஸ் தடவக் குனிந்தபோது நான் அவன் கையைப் பிடித்துத் தடுத்தேன். நல்ல பையன், நல்ல எண்ணம். நல்ல எண்ணம் மட்டும் இருந்த காலத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்த நாட்களில் இந்த ஆபத்து இரட்டிப்பாக இருந்தது. ஏப்ரல் 22 முதல் தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன் கொடுப்பது சில துறைகள் தவிர மற்றவற்றுக்கு நிறுத்தப்பட்டு எல்லாம் மருத்துவத்துக்குத் திருப்பப்பட்டது. வெல்டிங் பட்டறைகளில் கிடந்த சிலிண்டர்களும் வந்தன. பட்டறைச் சிலிண்டர் முழுக் கறுப்பு, மருத்துவச் சிலிண்டருக்குத் தோள் வெள்ளை. தோளுக்கு வெள்ளை அடித்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். உள்ளே இருக்கிற மிச்ச வாயுவை உறிஞ்சி எடுத்து, வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, சோதித்த பிறகுதான் நிரப்பவேண்டும். எங்களுக்கு வந்த லோடில் பிசுக்கோடு இருந்தவற்றைத் தனியே ஒதுக்கித் திருப்பி அனுப்பினோம். சிலிண்டருக்கு அலைந்த நாட்களில் சிலிண்டரைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இனி அந்தக் கணக்கு. அன்றைக்கு ஆக்சிஜனில் இருந்தவர்கள் அறுபது பேர். மூக்குக் குழாயில் இரண்டு லிட்டர் போகிறவரும் உண்டு, பை வைத்த முகமூடியில் பதினைந்து லிட்டர் போகிறவரும் உண்டு. கட்டில் கட்டிலாகச் சிஸ்டர் எழுதிக் கொடுத்ததைக் கூட்டி வகுத்தால் சராசரி நிமிடத்துக்கு ஆறு லிட்டர். அறுபது பேருக்கு 360 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 21,600 லிட்டர், அதாவது மூன்று சிலிண்டருக்குச் சற்று மேலே. நாள் ஒன்றுக்கு 74. ஆனால் பதிவேட்டில் இருந்த எண் 95. ஒவ்வொரு நாளும் 21 சிலிண்டர் எவருடைய நுரையீரலுக்கும் போகாமல் மறைந்துகொண்டிருந்தது.

முதலில் காலி என்று ஒதுக்கி வைத்த சிலிண்டர்களில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தோம். பலவற்றில் இருபது கிலோ அழுத்தம் மிச்சம் இருந்தது. அழுத்தம் சிறிது இறங்கினாலே கடைசி வார்டிலிருந்து கூச்சல் வரும் என்பதால், பயந்துபோய் முன்கூட்டியே அடுத்த வரிசைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். 150-இல் 20 என்றால் எட்டில் ஒரு பங்குக்கும் மேல். தினம் பன்னிரண்டு சிலிண்டர் அளவு ஆக்சிஜன், மறுபடியும் லாரி ஏறி நிரப்புமிடத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பயத்துக்குக் காரணம் வேறோரிடத்தில் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வருகிற சிலிண்டரிலும் குறை இருந்தது. அவசரத்தில் வேகமாக நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். சூட்டில் கேஜ் 150 காட்டும். ஆறிய பிறகு பார்த்தால் 130தான் இருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, இது வாயுவின் இயல்பு. ஆனால் எண்ணிக்கையை மட்டும் எழுதுகிற பதிவேட்டில் இது தெரியாது. அன்று முதல் சிலிண்டர் எண்ணோடு ஆறிய பிறகான அழுத்தத்தையும் எழுதச் சொன்னோம்.

மீதி, கசிவு. இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, வார்டு சிஸ்டர்கள்தான். தலைமைச் சிஸ்டர் என்னை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, பதினான்காம் கட்டில் சுவரில் உஸ் என்று சத்தம் கேட்கிறது. பகலில் கேட்காது. இரவு மூன்று மணிக்கு எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு கேட்கும். எழுதிக்கூடக் கொடுத்தேன்." எனக்குச் சுரீர் என்றது. கசிவைக் கேட்கும் கருவி ஒன்றை எங்கள் ஆலையிலிருந்து கடன் வாங்கி வரலாம் என்று திட்டமிட்டுக்கொண்டிருந்தேன். அதைவிடக் கூர்மையான காதுகள் இங்கே இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்தன. மூன்று ஷிப்ட் சிஸ்டர்களிடமும் கேட்டு, கட்டில் வரைபடத்தில் புள்ளி வைத்தோம். பதினோரு புள்ளிகள். சோப்புக் கரைசலைத் தூரிகையில் தொட்டுத் தடவிப் பார்த்தபோது ஒன்பதில் நுரை பொங்கியது.

பெரும்பாலும் அற்பக் காரணங்கள். சுவர் இணைப்பில் கசிவை அடைக்கும் ஓ-ரிங் வளையம் தேய்ந்துபோயிருந்தது. ஈரப்பதம் கொடுக்கும் தண்ணீர் பாட்டிலின் மூடி மரை மாறி ஏறியிருந்தது. மேனிஃபோல்டின் வளைகுழாய் முனையில் நசுங்கிய வாஷர். சில பத்து ரூபாய்ப் பொருள்கள். ஆனால் ஊரடங்கில் கடை திறந்திருக்கவில்லை. அளவு ஒத்துப்போனால் போதும் என்று சாதாரண ரப்பர் வாஷரைப் போடவும் கூடாது. ஆக்சிஜனுக்கு ஏற்ற பொருளாக இருக்கவேண்டும். குழாய் அமைத்துக் கொடுத்த ஒப்பந்ததாரரின் கிடங்கில் தேடி, இரண்டு நாளில் வரவழைத்தோம்.

மாற்றுவதிலும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 21 அன்று நாசிக்கில் திரவ ஆக்சிஜன் தொட்டியில் கசிவு ஏற்பட்டு, சுமார் அரை மணி நேரம் வழங்கல் தடைபட்டதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த செய்தி எல்லாருடைய நெஞ்சிலும் இருந்தது. ஆகவே எந்த லைனையும் மொத்தமாக மூடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு கட்டில். முதலில் அந்த நோயாளிக்குப் பக்கத்தில் சிறிய பி வகைச் சிலிண்டரை வைத்து மாற்றவேண்டும். நோயாளியின் விரலில் இருக்கும் ஆக்சிமீட்டரைப் பார்த்துச் சிஸ்டர் "சரி" என்று சொன்ன பிறகுதான் சுவர் இணைப்பைத் தொடவேண்டும். ஒரு ஓ-ரிங் மாற்ற இருபது நிமிடம் ஆனது. பாதுகாப்பு உடைக்குள் வியர்வை கண்ணில் இறங்க, ஃபிட்டர் அண்ணன் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை.

ஆள் இல்லாத கட்டிலில், ஆக்சிஜன் ஓட்டத்தை அளந்து விடும் ஃப்ளோ மீட்டர் திறந்தே இருப்பதையும் பார்த்தேன். கழிப்பறைக்குப் போகிறவர் முகமூடியைக் கழற்றித் தலையணையில் வைத்துவிட்டுப் போவார். பத்து லிட்டர் தலையணைக்குப் போய்க்கொண்டிருக்கும். நாற்பது பேருக்கு ஒரு சிஸ்டர் என்றால் அவர் எத்தனை இடத்தில் இருப்பார்? சிவப்பு அட்டை மாட்டலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். தலைமைச் சிஸ்டர் அதை ஒதுக்கிவிட்டு நல்ல வழி சொன்னார். மகாராஷ்டிரத்தின் நந்தூர்பார் மாவட்டத்தில் ஆக்சிஜனைக் கவனிப்பதற்கென்றே செவிலியர்களை நியமித்திருந்ததை அவர் படித்திருந்தார். இங்கே நர்சிங் மாணவியர் இருவருக்கு அதே வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வந்து அளவு பார்ப்பார்கள். தேவைக்கு மேல் போகிறவர்களுக்கு டாக்டர் சொன்ன எல்லைக்குள் குறைப்பார்கள். அந்தக் குமிழைத் திருப்பும் உரிமை எனக்கில்லை என்பதில் நான் கடைசிவரை கண்டிப்பாக இருந்தேன். பொறியாளன் குழாயைப் பார்க்கலாம். நோயாளிக்கு எவ்வளவு என்பது அவன் வேலை அல்ல.

ஆறு நாளில் 95 என்ற எண் 78-க்கு வந்தது. நோயாளிகள் அதே அறுபது.

இந்த எண்ணை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதே வாரத்தில், மே 14 அன்று, தமிழ்நாட்டுக்கு முதல் ஆக்சிஜன் ரயில் மேற்கு வங்கத்தின் துர்காபூரிலிருந்து தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. 80 டன் திரவ ஆக்சிஜன். வாயுவாக மாற்றினால் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜம்போ சிலிண்டர்கள். உருக்காலைகள் கிழக்கே இருப்பதால் ஆக்சிஜன் அங்கே இருந்தது. மூச்சுத் திணறியவர்கள் இங்கே இருந்தார்கள். மகேந்திரகிரியில் ராக்கெட் எந்திரங்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகத்திலிருந்தும் திரவ ஆக்சிஜன் டேங்கர்களில் வந்தது. மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் ஒரு திரவத்தை நாட்டின் குறுக்கே கொண்டுவர அத்தனை பேர் தூங்காமல் உழைத்தார்கள். அது கடைசியில் ஒரு தேய்ந்த ஓ-ரிங் வழியே வார்டுச் சுவரில் வீணாகப் போனால், அந்த உழைப்பு முழுவதையும் நாம் அவமதிக்கிறோம்.

முன்கூட்டியே சிலிண்டர் மாற்றியதற்குக் காரணம் கடைசி வார்டு என்று சொன்னேன் அல்லவா? மேனிஃபோல்டில் நான்கு கிலோ அழுத்தம். கட்டடத்தின் மறுகோடியில் இருந்த வார்டில் மூன்றுக்கும் கீழே. பிரசவ வார்டாக இருந்ததைக் கொரோனா வார்டாக மாற்றியிருந்தார்கள். அந்த மெல்லிய குழாய் ஒரே நேரத்தில் நான்கைந்து பேருக்கு ஆக்சிஜன் போகும் என்ற கணக்கில் போடப்பட்டது. இப்போது இருபது பேர். அதில் இரண்டு பேருக்கு நிமிடத்துக்கு அறுபது லிட்டர்வரை இழுக்கும் உயர் ஓட்டக் கருவி. முழு வேகத்தில் ஓடினால் ஒரே நோயாளிக்கு ஒரு ஜம்போ இரண்டு மணி நேரம்கூட வராது. புதுக் குழாய் போட அவகாசமில்லை. படம் வரைந்து டாக்டரிடமும் சிஸ்டரிடமும் காட்டினேன்: அதிகம் இழுக்கிறவர்கள் மேனிஃபோல்டுக்கு அருகில், குறைவாக இழுக்கிறவர்கள் கோடியில். அன்று மாலையே கட்டில்களை இடம் மாற்றினார்கள். அழுத்தம் நிமிர்ந்தது, கூச்சல் நின்றது, காலிச் சிலிண்டரில் மிச்சம் குறைந்தது. நான் அந்த மருத்துவமனையில் செய்த மிகப் பெரிய வேலைக்கு ஒரு பென்சிலும் ஒரு தாளும்தான் செலவு.

ஒரு இரவைச் சொல்லாமல் விட முடியாது. மே மாதக் கடைசியில் கோவையின் அன்றாடத் தொற்று எண்ணிக்கை சென்னையையே தாண்டிவிட்டிருந்தது. நிரப்புமிடத்தில் லாரிகள் வரிசை. காலை போன எங்கள் லாரி இரவு பன்னிரண்டுக்கும் திரும்பவில்லை. கையிருப்பில் பதினான்கு சிலிண்டர். பதினான்கு என்று கேட்டால் நிறைய இருப்பதுபோல் தோன்றும். மணிக்கு மூன்றேகால் என்று வகுத்தால் நான்கு மணி நேரம். தோழன் தொலைபேசியை வைக்கவே இல்லை. இரண்டு மணிக்குப் பக்கத்து ஊர் மருத்துவமனை பன்னிரண்டு சிலிண்டர் கடன் கொடுத்தது; ஒரு பால் வண்டியில் ஏற்றி வந்தோம். எங்கள் லாரி நான்கு மணிக்கு வந்தது. டிரைவர் அண்ணன் முப்பது மணி நேரம் தூங்கவில்லை, நீட்டிய தேநீரைக்கூட வாங்காமல் முதலில் சிலிண்டரை இறக்கினார்.

மறுநாள் மேனிஃபோல்டு அறைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினோம். அதில் சிலிண்டர் எண்ணிக்கை எழுதக் கூடாது; "இன்னும் எத்தனை மணி நேரம்" என்பதைத்தான் எழுதவேண்டும். லாரி போய்வர வரிசையோடு சேர்த்து எட்டு மணி நேரம் ஆகிறது என்றால், பலகையில் பன்னிரண்டு வந்தவுடன் அடுத்த லாரி கிளம்பியிருக்க வேண்டும். இதைப் படிக்கிற நீங்கள் எந்த மருத்துவமனைக்கு உதவப் போனாலும், எந்தப் பேரிடரானாலும், முதலில் இந்தப் பலகையை மாட்டுங்கள். இருப்பைப் பொருளாக எண்ணாதீர்கள், நேரமாக எண்ணுங்கள்.

அந்த வார்டில் எங்கள் ஆலையின் லேத் தொழிலாளி ஒருவருடைய தந்தை இருந்தார். கடன் வாங்கிய பன்னிரண்டு சிலிண்டரைத் தூக்க வந்தவர்களில் அந்த மகனும் ஒருவர். இரண்டு நாள் கழித்துத் தந்தை இறந்துவிட்டார். அழுத்தம் சரியாக இருந்தது, ஆக்சிஜன் ஒரு நொடியும் தடைபடவில்லை, ஆனாலும் போய்விட்டார். நாங்கள் சரிசெய்யக்கூடியது குழாய் மட்டுமே என்பதை அந்த மகன் முன்னால் நின்றபோது உணர்ந்தேன். அவர் அடுத்த வாரமும் சிலிண்டர் தூக்க வந்தார்.

ஜூன் மாதம் ஆக்சிஜன் செறிவூட்டிகள் வரத் தொடங்கின. வெளிநாட்டுத் தமிழர்களும் நன்கொடையாளர்களும் அனுப்பியவை. அறைக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்; இந்தக் கருவி காற்றை அமுக்கி, ஜியோலைட் என்ற மணிகள் வழியே செலுத்தும். மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, ஆக்சிஜன் மிகுந்த காற்று வெளியே வரும். நல்ல நிலையில் இருந்தால் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல். இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து என்னவென்றால், மணிகள் ஈரம் பட்டுக் கெட்டுப்போனாலும், வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் காற்று வந்துகொண்டேதான் இருக்கும். மீட்டரில் ஐந்து லிட்டர் காட்டும். நோயாளியின் மூக்கில் குளிர்ந்த காற்று படும். ஆனால் ஆக்சிஜன் அறுபது எழுபது விழுக்காடுதான் இருக்கும். பார்த்து, தொட்டு, கேட்டு அறிய முடியாது. ஆக்சிஜன் அளவி வைத்தால்தான் தெரியும். நாற்பத்திரண்டு கருவிகளைச் சோதித்தோம். ஏழு தேறவில்லை. அவற்றில் நான்கு, பஞ்சு வடிகட்டியைக் கழுவி உலர்த்தியதும் தேறிவிட்டன.

அமெரிக்காவிலிருந்து வந்தவை 110 வோல்ட்டில் ஓடுபவை. ஓர் இடத்தில் அதை அப்படியே நம் பிளக்கில் செருகி ஒரு கருவி புகைந்துவிட்டது. டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் வேலை முடியவில்லை. அங்கே மின்சாரம் நொடிக்கு அறுபது சுழற்சி, இங்கே ஐம்பது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், காற்றும் குறையும். ஆகவே ஐந்து லிட்டர் கருவிக்கு மூன்று லிட்டர் என்று அட்டை ஒட்டி, கோடியில் இருந்த வார்டுக்குக் கொடுத்தோம். பதினாறு கருவிகளை ஒரே வார்டில் மாட்டிய அன்று, மருத்துவமனை எலக்ட்ரீஷியன் சுவிட்சுப் பலகைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எட்டுக் கருவிகளை உடனே நிறுத்தச் சொன்னார். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட கம்பியில் இருபத்துநான்கு ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஆக்சிஜன். அவர் கையை வைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதில்லை.

என் அக்கா மகள் சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறாள். அந்த மாதம் அவளும் நண்பர்களும் ஆக்சிஜன், படுக்கை விவரங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அழகான செயலி ஒன்றை எழுதினார்கள்; அதில் இருந்த தொலைபேசி எண்களில் பாதிக்கு அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. பிறகு செயலியை விட்டுவிட்டு ஒரு சாதாரண அட்டவணையில் "கடைசியாகப் பேசி உறுதிசெய்த நேரம்" என்ற பத்தியைச் சேர்த்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேலான தகவல் தானாக மறைந்துவிடும். அழைப்பது மனிதர்கள்தான், ஆளுக்கு இருபது எண். அலைந்து கொண்டிருந்த குடும்பங்களுக்குப் பயன்பட்டது அந்த ஒரு பத்தி.

இரண்டாம் அலை தணிந்த பிறகு அந்த மருத்துவமனைக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் நிலையம் ஒன்று வந்தது. நாடெங்கும் அப்போது நிறுவப்பட்டவற்றில் பலவற்றுக்குப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ கொடுத்த தொழில்நுட்பம், தேஜஸ் போர் விமானத்தில் விமானிக்கு ஆக்சிஜன் தருவதற்காக உருவானது. பெரிய செறிவூட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அதன் முன்பகுதி ஒரு கம்ப்ரசர். அதை முதன்முதலில் பார்த்தபோது சொந்த ஊருக்கு வந்த உணர்வு. அங்கேயும் எதிரி எண்ணெய்தான். கம்ப்ரசரிலிருந்து தப்பி வருகிற எண்ணெய் ஆவியை வடிகட்டி பிடிக்கவேண்டும். வடிகட்டியைக் காலத்தில் மாற்றாவிட்டால் எண்ணெயும் ஈரமும் ஜியோலைட்டைக் கொன்றுவிடும். புது மணிகள் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் வடிகட்டியின் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் நெருக்கடி இல்லாத காலத்தில் வடிகட்டிக்கு யார் கையெழுத்துப் போடுவது? நிலையம் திறக்கும் நாளில் ரிப்பன் வெட்டப் பலர் வருகிறார்கள். வடிகட்டி மாற்றும் நாளில் யாரும் வருவதில்லை. இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

அதனால் எங்கள் ஆலை நண்பர்கள் ஆறு பேர் ஒரு முறை வைத்துக்கொண்டோம். மாதம் ஒருவர், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். ஆக்சிஜன் தூய்மை, காற்றின் ஈரம், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தம், மேனிஃபோல்டு இணைப்புகளில் சோப்புக் கரைசல். எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுகிறோம். மாற்றவேண்டியது இருந்தால் எண்களோடு கண்காணிப்பாளருக்குக் கடிதம் கொடுக்கிறோம். வெறும் புகாருக்கு வராத பதில், எண்கள் இருந்தால் வருகிறது என்பதைக் கண்டுகொண்டோம். உங்கள் ஊர் மருத்துவமனையில் இப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நாற்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். முதல் நாள் ஸ்பேனர் வேண்டாம்.

இந்த மாதம் என் முறை. இடது வரிசையில் ஏழாவது வால்வில் மறுபடியும் நுரை வருகிறது என்று தலைமைச் சிஸ்டர் நேற்று அழைத்துச் சொன்னார். வாஷர் வாங்கி வைத்துவிட்டேன்.